எர்த் குழிக்கு யார் பொறுப்பு?

2023 ஜூலை 19 காலை. உத்தராகண்ட் மாநிலம் சமோலியில், அலகநந்தா ஆற்றங்கரையில் உள்ள சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த ஊழியர் இறந்து கிடந்தார். தகவல் தெரிந்து உறவினர்களும் ஊராரும் ஓடிவந்தார்கள். பஞ்சநாமா எழுதக் காவலர்களும் ஊர்க்காவல் படையினரும் வந்தார்கள். எல்லோரும் நிலையத்துக்குள் கூடியிருந்த நேரத்தில் இரும்புக் கைப்பிடிகளில் மின்சாரம் பாய்ந்தது. அந்தச் சம்பவத்தில் மொத்தம் 16 பேர் இறந்தார்கள். காவல் உதவி ஆய்வாளர் ஒருவரும் அவர்களில் அடக்கம்.

கங்கையைத் தூய்மைப்படுத்தும் நமாமி கங்கே திட்டத்தில் கட்டப்பட்ட அந்த நிலையம் ஒப்பந்த முறையில் இயங்கிவந்தது. முந்தைய இரவு ஒரு ஃபேஸில் சப்ளை இல்லை, காலையில் அதைச் சரிசெய்த பிறகே கசிவு ஏற்பட்டது என்று மின்விநியோக நிறுவனம் விளக்கம் அளித்தது. பின்னர் நடந்த விசாரணையில் நிலையத்தின் மின்பாதுகாப்புக் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. இவற்றையெல்லாம் தாண்டி என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. முதல் மரணத்துக்கும் அடுத்தடுத்த மரணங்களுக்கும் நடுவே பல மணி நேரம் இருந்தது. ஓர் ஆள் இறந்து கிடக்கும் கட்டடத்தின் மெயினை இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லும்வரை யாரும் உள்ளே போகாதீர்கள்" என்று சொல்ல அறிவும் அதிகாரமும் கொண்ட ஒருவர் அங்கே நின்றிருந்தால் அத்தனை பேர் உள்ளே போயிருக்க மாட்டார்கள். அந்த ஒருவரை ஒப்பந்தத்தின் எந்த வரி கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரத்திலிருந்து பார்க்கலாம். ஒரு காலத்தில் திருத்தணி வரை ஆண்ட ஜமீனின் தலைநகரம் அது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. ஊருக்கு அருகே உள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும். கொசஸ்தலையாற்றில் ஓடும் அந்த வெள்ளம் 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. இன்றைக்குக் கார்வேட்டிநகரம் ஒரு மண்டலத் தலைமையிடம், ஊராட்சி. அருகில் புத்தூரும் நகரியும் நகராட்சிகள். சற்றுத் தள்ளி, 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமான திருப்பதி, மாநகராட்சி. ஒரே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஊராட்சி ஆபரேட்டர் முதல் பாதாளச் சாக்கடைக் கழிவைச் சுத்திகரிக்கும் மாநகராட்சி வரை எல்லா அளவுகளும் இந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் ஆந்திரத் தென்மண்டல மின்விநியோக நிறுவனத்தின் தலைமையகமும் திருப்பதியில்தான் இருக்கிறது.

இங்கே தண்ணீர் என்றால் மின்சாரம் என்றுதான் பொருள். கருங்கல் பூமி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஏரியும் குளமும் வற்றினால் ஆழ்துளைக் கிணறுதான் கதி. 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த, எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட, 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். இது பௌதிகம், பேரம் பேச முடியாது. 600 அடி ஆழத்திலிருந்து ஏற்றினால் அது அரை யூனிட் ஆகிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனில் ஓடுவது நம் ஊர்களில் சாதாரணம், எனவே 1,000 லிட்டருக்கு ஒரு முழு யூனிட். கல்யாணி அணையிலிருந்து திருமலைக்குத் தண்ணீர் ஏற்றுவதை எண்ணிப் பாருங்கள். ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நல்ல பம்புக்கே 1,000 லிட்டருக்கு இரண்டரை யூனிட் ஆகும். குடிநீர் வாரியத்துக்கோ நகராட்சிக்கோ சம்பளத்தை ஒட்டி வரும் பெரிய செலவு மின்கட்டணம் என்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அவ்வளவு மின்சாரம் ஓடும் பேனல் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் கடைசியாக எழுதப்பட்டு முதலில் வெட்டப்படும் செலவாக இருப்பதுதான்.

அந்த வேலை இங்கே மூன்று வழிகளில் வெளியே போகிறது. முதலாவது, பழுதுக்குக் காசு. ஊராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் நீங்கள் காண்பது இதைத்தான். மோட்டாரைக் கிணற்றிலிருந்து ஏற்ற, காயில் கட்ட, திரும்ப இறக்க, குதிரைத்திறன் வாரியாக விலை குறித்து டெண்டர் விடுவார்கள். ஸ்டார்ட்டர் பழுதுக்கு ஒரு விலை, கேபிள் ஜாயிண்டுக்கு ஒரு விலை. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. மோட்டார் எரிந்தால் வேலை, எரியாவிட்டால் வேலை இல்லை. ஒப்பந்தக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் மோட்டார் ஏன் எரிந்தது என்று கேட்க அவருக்குக் காசு கொடுக்கப்படவில்லை.

ஏன் எரிகிறது என்பது தெரிந்த விஷயம். மூன்று ஃபேஸ்களின் அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் மோட்டார் சூடேறும். அந்த ஏற்றத்தாழ்வு 3.5 சதவீதம் இருந்தாலே வைண்டிங்கின் வெப்ப உயர்வு ஏறத்தாழ 25 சதவீதம் கூடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஒரு ஃபேஸ் முழுவதும் போய்விட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அதைத் தடுக்க ஸ்டார்ட்டரில் ஒரு சிறு கருவி உண்டு. சப்ளை சரியில்லாதபோது அது மோட்டாரை ஓடவிடாது. ஆனால் ஊரில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் கிளம்பும்போது, "அந்தக் கருவியைத் தூக்கிவிட்டு டைரக்டா போடுப்பா" என்று யாராவது சொல்வார்கள், யாராவது செய்வார்கள். மறுபடி காயில் கட்டப்படும். சரியான பட்டறை வசதியும் கவனமும் இல்லாமல் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஒன்று, இரண்டு சதவீதத் திறனை இழக்கிறது. தினம் 10 மணி நேரம் ஓடும் 20 குதிரைத்திறன் மோட்டாரில் 2 சதவீத இழப்பு என்பது ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட். இது பழுதுச் செலவில் வராது. மின்கட்டணத்தில் கலந்து காணாமல் போய்விடும்.

இரண்டாவது வழி, ஆள் ஒப்பந்தம். எத்தனை எலக்ட்ரீஷியன், எத்தனை ஆபரேட்டர், எத்தனை ஃபிட்டர் என்று தலை எண்ணி வாங்குவது. நடுவிலிருந்த ஏஜென்சிகள் கூலியில் கைவைப்பதாகவும் பிஎஃப் கட்டாமல் விடுவதாகவும் எழுந்த புகார்களை அடுத்து, ஆந்திர அரசு 'ஆப்காஸ்' என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கி, 2020 ஜூலை முதல் ஒப்பந்த ஊழியர்களை அதன்கீழ் கொண்டுவந்தது. ஊதியம் ஒழுங்காகக் கைக்கு வருவதற்கு அது ஒரு வழி, நல்ல நோக்கம். ஆனால் ஆளைத் தருபவர் கருவியைத் தருவதில்லை. இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர், எர்த் அளக்கும் கருவி, ரப்பர் கையுறை, காப்பிடப்பட்ட மிதியடி ஆகியவை ஆள் ஒப்பந்தத்திலும் இருக்காது, நகராட்சியின் பொருள் கொள்முதலிலும் இருக்காது. மூன்றாவது வழி, மொத்த இயக்கமும் பராமரிப்பும் ஒருவரிடம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பேனலைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

கழிவுநீர் நிலையத்தின் பேனல் வேறு எந்தப் பேனலையும் போன்றதல்ல. தேங்கிய சாக்கடையில் காற்று புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலும் காலப்போக்கில் அது தாமிரத்தைத் தின்னும். பளபளவென்று இருக்க வேண்டிய பஸ்பார் கறுத்துப்போகும். கான்டாக்டரின் வெள்ளிப் பூச்சுள்ள முனைகளில் கரும்படலம் ஏறும். படலம் ஏறிய இடத்தில் மின்தடை கூடும், தடை கூடிய இடம் சூடாகும், சூடானதும் திருகு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கும், அம்மீட்டர் சரியாகக் காட்டும். கதவைத் திறந்து டார்ச் அடித்தால்தான் ஒரு கேபிள் முனையில் உறை பழுப்பாகி வெடித்திருப்பது தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சப்ளையை நிறுத்தி, முனைகளைத் துடைத்து, திருகுகளை அளவான விசையில் முடுக்கும் அரை நாள் வேலை இதற்குப் போதும். பேனல் அறையைக் கழிவுநீர் சேரும் ஈரக் கிணற்றிலிருந்து தள்ளிக் கட்டி, கேபிள் வரும் குழாய்களின் வாயை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை வராது. வாயு வருவது அந்தக் குழாய் வழியாகத்தான். கேபிள் மாற்ற வருபவர் அடைப்பை உடைப்பார். திரும்ப அடைப்பது அவர் விலைப்பட்டியலில் இருக்காது.

இதே வாயு ஆளையும் கொல்லும். அளவு பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மோப்ப சக்தியே மழுங்கிவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் உள்ளே இறங்குவார். கழிவுநீர் ஏற்று நிலையத்தின் நீர்மூழ்கிப் பம்பை எடுக்க ஆள் இறங்கவே தேவையில்லாதபடிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வழிகாட்டிக் குழாய்களின் மேல் பம்பு வழுக்கிக்கொண்டு ஏறும், சங்கிலியால் மேலிருந்தே தூக்கலாம். சங்கிலி அரித்து அறுந்துபோயிருந்தால்தான் ஒருவர் இறங்கிக் கயிறு கட்ட வேண்டிவருகிறது. அந்தச் சங்கிலி மின்பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'மெக்கானிக்கல்' என்று விலக்கப்பட்டிருக்கும், மெக்கானிக்கல் ஒப்பந்தத்தில் 'பம்பு செட்' என்று விலக்கப்பட்டிருக்கும். 2013இன் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையையும் கழிவுத்தொட்டியையும் சுத்தம் செய்யவைப்பதைக் குற்றமாக்கியது. பம்பை எடுக்க இறங்கும் எலக்ட்ரீஷியனை யாரும் சுத்தம் செய்பவராகப் பார்ப்பதில்லை. அவர் சுவாசிப்பது அதே காற்றுதான். ஒப்பந்தம் எழுதும் பொறியாளர் சங்கிலிக்கு ஒரு வரி ஒதுக்கினால் ஓர் உயிருக்கு ஒதுக்கியதாக ஆகும் என்று நான் முழுமனதுடன் நம்புகிறேன்.

இனி எர்த் குழி. மோட்டார் கூட்டிலோ பேனல் கதவிலோ கைப்பிடியிலோ ஃபேஸ் ஒயர் பட்டுவிட்டால், அந்த மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய், ஃப்யூஸ் போகும் அளவுக்குப் பாய வேண்டும் என்பது எல்லோரும் படித்த பாடம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எர்த் குழியின் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் ஃபேஸ் மண்ணில் சேர்ந்தால் பாயும் மின்சாரம் 21 ஆம்பியர். மோட்டாருக்குப் போட்டிருக்கும் 63 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது ஒன்றுமே இல்லை, நாள் முழுவதும் தாங்கும். ஃப்யூஸ் போகாது. கைப்பிடியில் 209 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், தொட்டவர் வழியே 200 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்றுதான் பாதுகாப்புக் கருவிகளை அமைக்கிறார்கள். குழியைச் செப்பனிட்டு 2 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் பாய்வது 77 ஆம்பியர்தான், 63 ஆம்பியர் ஃப்யூஸ் உடனே போகாது. ஆகவே இரண்டும் வேண்டும்: நல்ல எர்த், கூடவே கசிவைக் கண்டால் நொடியில் சப்ளையை வெட்டும் எர்த் லீக்கேஜ் ரிலே.

சித்தூர் மண்ணில் இது இன்னும் கடினம். மேலே சில அடி செம்மண், கீழே பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மழைக்காலத்தில் அளந்தால் நன்றாக இருக்கும் குழி, மே மாதத்தில் அதில் போட்ட உப்பும் கரியும் காய்ந்து பல மடங்கு தடை காட்டும். ஆழ்துளைக் கிணறு நாள் முழுவதும் ஓடுவது அந்த மே மாதத்தில்தான். இந்திய எர்த்திங் தரநிலையான ஐஎஸ் 3043 மண்ணின் தன்மையை அளந்து குழிகளின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் முடிவு செய்யச் சொல்கிறது. மண்ணைப் பார்க்காமல் 'எர்த் குழி - 2' என்று எழுதிய எஸ்டிமேட் நெல்லூர் வண்டலுக்கும் கார்வேட்டிநகரம் பாறைக்கும் ஒரே குழியைத் தோண்டுகிறது. ஈரமான களிமண் படுகையில் அது வேலை செய்யலாம். இங்கே பாறைத் துளையில் நீளமான மின்முனை இறக்கவோ, பல குழிகளை ஒன்றாக இணைக்கவோ வேண்டியிருக்கும். செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவைத் தணிக்கை அதிகாரிக்கு விளக்க அளவுக் குறிப்புகள் இல்லாததால்தான் பொறியாளர் பழைய எஸ்டிமேட்டையே நகலெடுக்கிறார் என்பது என் கணிப்பு.

சட்டம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியே, மின்நிறுவல் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் மேற்பார்வையாளர், ஒயர்மேன், உதவியாளர் எனச் சி, பி, எச் சான்றுகள் இருப்பதும், ஆந்திரத்தில் ஒயர்மேன் பெர்மிட் இருப்பதும் அந்த மரபில்தான். மின்சாரச் சட்டம் 2003 வந்தபின், மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அந்த இடத்துக்கு வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. சமோலி நடந்ததும் அதே ஆண்டில். இந்த ஒழுங்குமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மின்கருவிகளை இயக்கவும் அவற்றில் வேலை செய்யவும் யார் யாருக்கு அனுமதி என்று உரிமையாளர் பெயர் குறிப்பிட்டு நியமித்து, அந்தப் பட்டியலைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் என்றால் நகராட்சி, ஊராட்சி. ஒப்பந்தம் போட்டதால் அந்தக் கடமை ஒப்பந்தக்காரரிடம் போய்விடாது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அப்படித்தான்.

இந்தப் பதிவேட்டை உண்மையாக எழுதிப் பார்த்தால் என்ன ஆகும்? ஊராட்சியின் மோட்டார் அறையில் சுவிட்சைப் போடுபவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், குறைந்த ஊதியம், சான்று எதுவும் கிடையாது. சுவிட்சைப் போட அவருக்குச் சான்று தேவையில்லை, பயிற்சி போதும். ஆனால் டிரிப் ஆனால் ஃப்யூஸ் மாற்றுவது, பேனலைத் திறப்பது, கேபிளை இணைப்பது எல்லாம் நடைமுறையில் அவர் தலையில்தான் விழுகிறது. ஏனென்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் புத்தூரிலோ திருப்பதியிலோ இருக்கிறார், ஊரில் குடம் காத்திருக்கிறது. மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் எல்சி (லைன் கிளியர்) வாங்குவார். எந்த லைன், யார் நிறுத்தியது, எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்பதற்கு எழுத்தில் கணக்கு உண்டு. அந்த ஒழுங்கு மீறப்படும்போது லைன்மேன்கள் சாகிறார்கள் என்பது வேறு துயரம். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று அங்கே இருக்கிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம், நகராட்சியின் பம்ப் ஹவுஸுக்குள், அப்படி ஒரு தாள்கூட இருப்பதில்லை. ஜெனரேட்டர் இருக்கும் நிலையத்தில் இது இரட்டை ஆபத்து. மெயினை இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்பவருக்கு, வெளியே ஒருவர் ஜெனரேட்டரைப் போட்டால் அதே மோட்டாரில் சப்ளை வரும். சேஞ்ச்ஓவர் சுவிட்சில் பூட்டுப் போட்டு, வேலை செய்பவரே சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது ஒன்றுதான் இதற்கு வழி. பூட்டின் விலை அற்பம். பூட்டு இல்லாததற்குக் காரணம் விலை அல்ல, அதை யார் வாங்குவது என்று ஒப்பந்தத்தில் இல்லாததுதான்.

மூன்றாவது வழிக்கு வருவோம். கட்டியவரே இயக்கட்டும் என்ற முறை தமிழ்நாட்டில் சிறிய ஊருக்கு வந்தது ஆலந்தூரில். 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் என மக்களிடமே வைப்புத்தொகை திரட்டியது. கழிவுநீர்க் குழாய்களைப் பதித்த ஒப்பந்தக்காரரே சில ஆண்டுகள் பராமரிக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தைத் தன் முதலீட்டில் கட்டி இயக்கிப் பின்பு ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் அமைந்தது. பணம் மக்களுடையது, ஆகவே கேள்வி கேட்கவும் மக்கள் இருந்தார்கள். அதன் பிறகு சென்னையில் கொடுங்கையூரில் தினம் 11 கோடி லிட்டர், கோயம்பேட்டில் 6 கோடி, பெருங்குடியில் 5.4 கோடி, நெசப்பாக்கத்தில் 4 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. கழிவிலிருந்து வரும் எரிவாயுவைக் கொண்டு அங்கேயே மின்சாரம் தயாரித்தார்கள். அந்த எரிவாயுவிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருக்கும். அதைக் கழுவி நீக்காமல் எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் அரித்துப் போகும். எஞ்சின் நின்றால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கியாக வேண்டும். மின்செலவு ஒப்பந்தக்காரரின் கணக்கிலும் தெரியும்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் வாயுவைக் கழுவும் வேலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். பழுதுக்குக் காசு என்ற முறையில் கிடைக்காத அக்கறை இங்கே தானாக வருகிறது.

ஆனால் இதே மொத்த ஒப்பந்தம் சமோலியிலும்தான் இருந்தது. மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை கொடுத்தால், செய்யாத வேலை ஒவ்வொன்றும் ஒப்பந்தக்காரருக்கு மிச்சம். சுத்திகரித்த நீரின் தரத்தை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்கிறது, ஆகவே அதைக் கவனிப்பார். எர்த் தடையை யார் சோதிக்கிறார்கள்? மின் ஆய்வாளர் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கலாம். குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழ் உள்ளவற்றை உரிமையாளரே சோதித்துச் சான்றளித்துக்கொள்ளவும் ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. பெரிய நகரத்தில் தலைமைப் பொறியாளரின் கீழ் மின்பொறியாளர் குழு உண்டு, நிலையத்துக்குள் போய்ப் பார்க்கும். நகரி, புத்தூர் அளவுள்ள ஊரில் சிவில் படித்த ஒரு நகராட்சிப் பொறியாளர் சாலை, கட்டடம், குடிநீர், தெருவிளக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். அவரை எர்த் தடை அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்வது அநியாயம். போடாமல் விட்டாலும் அநியாயம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பழுது நீக்கும் கையை வெளியிலிருந்து வாங்கலாம். நிறுத்தும் அதிகாரத்தை வாங்க முடியாது, அது உள்ளாட்சியின் சொந்த ஆளிடம் இருந்தாக வேண்டும். கார்வேட்டிநகரம் போன்ற ஊராட்சிக்குத் தனியாக ஒரு மேற்பார்வையாளரை வைக்கக் கட்டாது. ஆனால் புத்தூரும் நகரியும் சுற்றியுள்ள மண்டலங்களின் ஊராட்சிகளும் சேர்ந்தால், தகுதிச் சான்றுள்ள ஒரு மின் மேற்பார்வையாளரையும் ஒரு வண்டியையும் ஒரு பெட்டி அளவுக் கருவிகளையும் பொதுவாக வைத்துக்கொள்ள முடியும். பழுது பார்ப்பவர் வேறு ஒப்பந்தக்காரராக இருக்கட்டும். சோதிப்பவர் அவரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் காசு எதற்குப் போகிறது என்பதும் மாற வேண்டும். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2005இல் குடிநீர்த் திட்டங்களின் இயக்கப் பராமரிப்புக்கும், 2013இல் கழிவுநீருக்கும் கையேடுகள் வெளியிட்டது. பம்புக்கும் பேனலுக்கும் தினசரி, மாதம், காலாண்டு, ஆண்டு என என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அந்த வேலைகளுக்குத் தனித்தனி விலை போட்டு, செய்ததற்கு அளவு எழுதிய பின்பே பணம் என்று வைத்தால் போதும். 'செய்யப்பட்டது' என்று டிக் அடித்தால் பணம் கிடையாது, எண் வேண்டும். மெக்கர் அளவு போன மாதம் 50 மெகா ஓம், இந்த மாதம் 20, அடுத்த மாதம் 5 என்று இறங்கினால் மோட்டார் சாகப்போகிறது என்று பொருள். எரிவதற்கு முன்பே எடுத்து உலர்த்தி வார்னிஷ் செய்யலாம். ஒரே ஒரு நாளின் அளவு எதையும் சொல்லாது. எண்கள் வரிசையாக இருந்தால்தான் பேசும்.

எஸ்டிமேட்டுக்கு மிகக் கீழே விலை கேட்டு வேலை எடுப்பதை எப்படித் தடுப்பது என்று கேட்பார்கள். முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் கருவிகள், கையுறை, எர்த் செப்பனிடல், எர்த் லீக்கேஜ் ரிலே, சங்கிலி, பூட்டு ஆகியவற்றை ஏலப் போட்டிக்கு வெளியே நிலையான தொகையாக ஒதுக்கி, வாங்கிய ரசீதுக்கு மட்டும் பணம் தரலாம். அப்போது ஒப்பந்தக்காரர்கள் உயிர்காப்பில் போட்டி போட மாட்டார்கள், உழைப்பிலும் நிர்வாகத்திலும் போட்டி போடுவார்கள். துணை ஒப்பந்தத்துக்கு விடுவதானால், உண்மையில் பேனலைத் திறக்கப்போகிறவரின் பெர்மிட் நகல் நகராட்சியின் கோப்பில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் வந்தால் ஆபரேட்டர் கதவைத் திறக்கக் கூடாது. திறக்காததற்காக அவரை யாரும் திட்டவும் கூடாது, அன்று ஊரில் தண்ணீர் வராவிட்டாலும்.

ஒப்பந்தம் மாறும் நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பழையவர் போகும்போது வயரிங் படம் அவருடன் போய்விடும், அல்லது படமே இருந்திருக்காது. எந்த கேபிள் எந்த மோட்டாருக்கு என்பது அவருடைய எலக்ட்ரீஷியனின் தலையில் இருந்தது, அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். புதியவர் முதல் பழுதில் ஊகித்துத்தான் கைவைப்பார். எனவே படமும் அளவுப் பதிவேடும் நகராட்சியின் சொத்து என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கடைசித் தவணைப் பணம், பழையவரும் புதியவரும் மேற்பார்வையாளரும் ஒன்றாக நின்று எடுத்த எர்த் அளவும் மெக்கர் அளவும் பதிவேட்டில் ஏறிய பிறகே போக வேண்டும். ஒப்பந்த ஆண்டு மார்ச்சில் முடியும் வழக்கத்தையும் இதற்காகத் தள்ளிவைப்பது நல்லது. இந்தப் பாறைப் பூமியில் எர்த்தை மே மாதக் கடைசியில் அளக்க வேண்டும்.